மந்தெகத்தூராவுக்குத் தமிழ்ச் சொல்: 'கஞ்சிப் பிரட்டல்' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தமிழாக்கும் இத்தாலியச் சமையற் சொற்பட்டியலில் 'மந்தெகத்தூரா' என்ற இந்த ஒரு சொல் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. செயல் எளிமையானதுதான். பாஸ்தா முழுதாக வேகும் முன்பே, ஓரிரு நிமிடம் மிச்சமிருக்க எடுத்து, சாஸ் இருக்கும் வாணலியில் போட்டு, அது வெந்த நீரில் ஒரு கரண்டி விட்டு, விடாமல் பிரட்ட வேண்டும். நீரில் கரைந்த மாவுச்சத்து எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ள, சாஸ் பளபளவென்று பாஸ்தாவில் ஒட்டும்.

கொழுப்பைக் குறைத்துச் சமைக்க நினைப்பவருக்கு இதுதான் அடிப்படை. ரோமில் பிறந்த ஃபெத்துச்சீனே ஆல்ஃபிரேடோ என்ற பாஸ்தாவில் முதலில் இருந்தவை வெண்ணெயும் பார்மிஜானோ சீஸும்தான். க்ரீம் அமெரிக்கா போன பிறகு ஒட்டிக்கொண்டது. முட்டையும் சீஸும் சேர்த்த ரோமாபுரியின் கார்போனாராவிலும் க்ரீம் கிடையாது. 25 விழுக்காடு கொழுப்புள்ள க்ரீம் 100 கிராம் விட்டால், அந்தக் கொழுப்பு மட்டுமே 225 கலோரி. அதே வழவழப்பைப் பாஸ்தா வெந்த நீர் கிட்டத்தட்டச் சும்மாவே தருகிறது.

இனி, இதுவரை வந்த பரிந்துரைகளும் என் பதில்களும்:

> நேரடியாக 'வெண்ணெய்ப்படுத்தல்' எனலாமே?

மூலச்சொல்லுக்கு நெருக்கம்தான். அதன் வேரான ஸ்பானிய 'மந்தேகா' வெண்ணெயையும் பன்றிக் கொழுப்பையும் குறிக்கும். ஆனால் வெண்ணெயைக் குறைக்கச் சொல்லும் குறிப்பில் 'வெண்ணெய்ப்படுத்துக' என்று எழுதினால், படிப்பவர் 50 கிராமை வெட்டிப் போட்டுவிடுவார்.

> 'குழைத்தல்' போதாதா?

போதாது. 'சாதம் குழைந்துவிட்டது' என்றால் நம் வீட்டில் அது குற்றச்சாட்டு. பாஸ்தாவோ கடித்தால் நடுவில் சிறு உறுதி தெரிய வேண்டும்.

> அறிவியலில் 'பால்மம்' இருக்கிறதே. 'பால்மமாக்கல்' என வைக்கலாம்.

பாடநூலுக்குச் சரி, அடுப்படிக்கு வேண்டாம். 'பால்' என்று கண்டதும் அரை டம்ளர் ஊற்றிவிடுவார்கள்.

என் பரிந்துரை 'கஞ்சிப் பிரட்டல்'. கஞ்சி என்றால் காய்ச்சல்காரர் உணவு என்று ஒருவர் முகம் சுளித்திருந்தார். சோறு வடித்தால் வருவதும், பருத்திச் சேலைக்குப் போடுவதும் கஞ்சிதானே? பாஸ்தா வெந்த நீரும் அதே மாவுச்சத்து நீர். வடிகஞ்சியைக் கொட்டாதே என்று வளர்ந்தவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 'பிரட்டல்' மசாலா ஒட்டும்படி பிரட்டி எடுப்பதற்கு ஏற்கெனவே புழங்கும் சொல். 'புரட்டு' மட்டும் வேண்டாம். 'கஞ்சிப் புரட்டு' என்றால் ஏதோ ரேஷன் கடை மோசடி போலிருக்கிறது.

கஞ்சியின் செறிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு செய்தி: 2025-இல் இயற்பியலுக்கான இக் நோபல் பரிசு (முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தருவது) காச்சோ எ பேபே (சீஸும் மிளகும் சேர்த்த பாஸ்தா) சாஸ் ஆய்வுக்குப் போனது. சீஸின் எடையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாக மாவுச்சத்து இருந்தால் சாஸ் திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும், 2 முதல் 3 விழுக்காடு வரை இருந்தால் சூட்டைத் தாங்கி நிற்கும் என்று கண்டார்கள். கட்டிக்கொள்ளும் நிலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'மொஸரெல்லா நிலை'. நாம் 'திரிந்த நிலை' என்று முடித்துவிடலாம்.

100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் நீர் என்பது இத்தாலிய வழக்கம். நான் அரை லிட்டரில் வேகவைக்கிறேன், கஞ்சி கெட்டியாகக் கிடைக்கிறது. உப்பையும் அதற்கேற்பக் குறையுங்கள், பெக்கொரீனோ சீஸிலேயே உப்பு நிறைய உண்டு. கார்போனாராவுக்கு அடுப்பை அணைத்த பிறகே முட்டை. சென்ற ஞாயிறு அவசரப்பட்டேன். வந்தது முட்டைப் பொரியல்.

பட்டியலுக்கான வரைவு:

கஞ்சிப் பிரட்டல்: ஏறத்தாழ வெந்த பாஸ்தாவை அதன் கஞ்சியோடும் சிறிது கொழுப்போடும் சேர்த்து, சாஸ் ஒட்டிப் பளபளக்கும்வரை பிரட்டுதல்.

அரிசியில் குழைவாகச் செய்யும் ரிசொத்தோவின் கடைசிக் கட்டத்துக்கும் இத்தாலியர் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். அங்கே வடிக்கும் கஞ்சியே இல்லை, அரிசி தன் மாவிலேயே நிற்கிறது. அதற்கு வெறும் 'பிரட்டல்' போதுமா, தனிச்சொல் வேண்டுமா? ரிசொத்தோ செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.