புத்ராஜெயாவுக்கு அடியில் ஒரு ரப்பர் தோட்டம்

கோலாலம்பூர் போகிறவர்கள் பலரும் புத்ராஜெயாவை அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். ரோஸ் நிற மசூதி, ஏரியில் படகு, நாலு போட்டோ, அவ்வளவுதான். நான் குலசேகரம் பக்கத்துக்காரன், ரப்பர் வெட்டிப் பிழைத்த குடும்பம். தாத்தா காலத்தில் எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், நின்றதெல்லாம் பிபி 86 என்ற ரப்பர் ரகம். அந்த ரகம் பிறந்த பிராங் பெசார் தோட்டத்தை அழித்துத்தான் மலேசியா தன் நிர்வாகத் தலைநகரைக் கட்டியது. அதனால் அந்த மண்ணை ஒரு தடவையாவது மிதித்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

போனது ஒரு சனிக்கிழமை. புத்ராஜெயா சென்ட்ரல் வரைக்கும் எம்ஆர்டி ரயில் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து நடந்து ஊரைப் பார்த்துவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அமைச்சகங்கள் வரிசையாக நிற்கும் அந்தப் பெரிய சாலை மட்டுமே நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளம். விடுமுறை நாளில் ஆள் நடமாட்டம் கிடையாது. நான் இருந்த பக்கம் ஒரு டீக்கடைகூடக் கண்ணில் படவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. கார் பிடித்துக்கொள்வதுதான் நல்லது.

எனக்கு வாய்த்த டிரைவர் அறுபது வயதைத் தாண்டிய தமிழர். புத்ரா மசூதியைப் பார்த்துவிட்டு வந்து, ரப்பர் கதையைச் சொன்னேன். உடனே அவர் காரை ஏரிக்கரை ஓரமாக நிறுத்தினார். "தம்பி, இது எல்லாமே எங்க தோட்டம்தான். நான் பொறந்ததே இங்கதான்" என்றார். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-ல் தொடங்கிய தோட்டம் அது. ஏரி என்று நாம் படகில் சுற்றுவது சுவாவ், பீசா என்ற இரண்டு ஆறுகளை மறித்துத் தேக்கிய தண்ணீர். அவர் சின்ன வயதில் மீன் பிடித்த ஓடை அதற்குள் எங்கோ இருக்கிறதாம்.

பிராங் பெசார் மட்டும் இல்லை. கேலவே, செட்ஜ்லி, மெடிங்லி என்று பக்கத்துத் தோட்டங்களும் சேர்ந்து போயின. வேலை செய்த தமிழ்க் குடும்பங்களை டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். சுவரெல்லாம் விரிசல். தரை வீடு தருகிறோம் என்ற பேச்சு இருபது வருடத்துக்கு மேல் இழுத்தது. அவர் இதையெல்லாம் குரலை உயர்த்தாமல் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. இவ்வளவு அழகான நகரத்தில், நான் சுற்றிய இடங்களில் எங்குமே அந்தக் குடும்பங்களைப் பற்றி ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. ஒன்று வைக்கத்தான் வேண்டும்.

அப்புறம் அவரே விவசாயப் பாரம்பரியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ரப்பர் மரங்கள் நிற்கின்றன. ஒரு மரத்தில் பழைய வெட்டுத் தழும்பு. இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும் அந்தச் சரிவில் கட்டைவிரலை வைத்து மெதுவாக இழுத்துக் காட்டினார். எங்கள் ஊரிலும் இதே சரிவுதான். பால் குழல்கள் கொஞ்சம் சாய்ந்து ஓடுவதால் இப்படி வெட்டினால்தான் நிறைய அறுபடும், பால் கூடும். கத்தி பட்டையைத் தாண்டி ஆழமாக இறங்கி உள்மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும் என்று நான் சொல்ல, "அதுக்கு எங்க கங்காணிகிட்ட திட்டு வாங்கணும்" என்று சிரித்தார்.

போகிறவர்கள் சதுப்பு நிலப் பூங்காவையும் விட்டுவிடாதீர்கள். ஏரிக்கு வரும் தண்ணீரை நாணல்களே வடிகட்டும்படி அமைத்திருக்கிறார்கள். அருமையான வேலை.

ஊருக்கு வந்ததும் சித்தப்பா விளையில் நிற்கும் பிபி 260 மரங்களை வீடியோ எடுத்து அந்த டிரைவர் அண்ணனுக்கு அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: "தம்பி, மூணாவது மரத்துல சரிவு ரொம்ப அதிகம். பட்டை வீணாகுது, வெட்டுறவர்கிட்ட சொல்லுங்க."