கருக்குழாயில் நீர்க்கோப்பு: ஐ.வி.எஃப்.க்கு முன் குழாயை அகற்றியவர்களின் அனுபவம் தேவை

சகோதரிகளுக்கு வணக்கம். என் தங்கைக்கு வயது 31. எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே எடுத்தபோது, கருப்பைக்குள் செலுத்திய மருந்து இடப்பக்கக் கருக்குழாயின் நுனியைத் தாண்டி வயிற்றுக்குள் சிந்தாமல் தேங்கி, குழாய் சுரைக்காய் போல வீங்கியிருப்பது படத்தில் தெரிந்தது. வலப்பக்கம் மருந்து தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. அது தசை இறுக்கத்தால் வந்த தோற்றமாகவும் இருக்கலாம் என்பதால் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா மூலம் பார்ப்பது) செய்து உறுதிப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

வீங்கிய குழாயில் தேங்கிய நீர் கருப்பைக்குள் கசிந்து கரு ஒட்டுவதைக் கெடுக்கும் என்பதால், ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்வதற்கு முன் அந்தக் குழாயை அகற்றவோ, கருப்பையோடு சேரும் இடத்தில் அடைக்கவோ வேண்டும் என்கிறார் மருத்துவர். காரணம் புரிகிறது. ஆனால் குழாயை எடுத்தால் சினைப்பைக்குச் செல்லும் ரத்த ஓட்டம் குறைந்து, முட்டைகளும் குறைந்துவிடுமோ என்று அவள் மிகவும் அஞ்சுகிறாள்.

சிறுவயதில் அவளுக்குக் காசநோய் இருந்தது. நம் நாட்டில் கருக்குழாய் கெடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்பதால், கருப்பை உட்சவ்வையும் பரிசோதனைக்கு அனுப்பவிருக்கிறார்கள். கிருமி செய்த சேதத்துக்கு அவளைக் குறை சொல்லும் உறவினர்களின் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை.

குழாயை அகற்றியவர்கள், அடைக்க மட்டும் செய்துகொண்டவர்கள், அறுவைக்கு முன்னும் பின்னும் உங்கள் ஏ.எம்.எச். (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு எப்படி இருந்தது, எவ்வளவு இடைவெளி விட்டு ஐ.வி.எஃப். தொடங்கினார்கள், முட்டைகளை முதலில் எடுத்து உறையவைத்துவிட்டுப் பிறகு அறுவை செய்துகொண்டவர்கள் உண்டா என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள்.