புதுப்பிப்பு: அந்த பிரெஞ்சுப் படத்தை முழுசாகப் பார்த்துவிட்டேன்

‘எபூஸ்-முவா மோன் போத்’ (2017) படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன் என்று போன வாரம் புலம்பியிருந்தேன். விசா போன மொராக்கோ மாணவன், நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்று நண்பனையே கல்யாணம் செய்துகொள்ளும் கதை. ‘மீதியையும் பாருங்கள்’ என்றீர்கள். சரி, பார்த்தேன். ஏமாற்றம் அப்படியேதான் இருக்கிறது.

பிரான்சில் போலித் திருமணத்துக்கு 5 ஆண்டுச் சிறை, 15,000 யூரோ அபராதம் வரை உண்டு. இவ்வளவு பெரிய பயத்தைக் கையில் வைத்துக்கொண்டும், விசாரிக்க வரும் அதிகாரியைப் பார்த்து நமக்கு ஒரு படபடப்பும் வரவில்லை. இயக்குநரும் நாயகனும் தாரெக் பூதாலியே. விசா அலுவலக வரிசையில் ஒரு நாள் நின்ற எவருக்கும் தெரியும், சிரிப்பு அங்கேதான் கொட்டிக்கிடக்கிறது என்று. இவரோ ஒருபாலீர்ப்பாளர்களைப் பற்றிய அரதப்பழசான கேலிகளை நம்பியிருக்கிறார். அதுவும் 2013இலேயே ஒருபால் திருமணத்தைச் சட்டமாக்கிய நாட்டில்! காதல் பகுதியா? ஒட்டவே இல்லை.