நிபோங் திபால் அத்தை வீட்டுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபாலில் என் அத்தையின் பலகை வீட்டைக் கரையான் அரித்துவிட்டது. தூணை விரலால் அழுத்தினாலே மாவாகக் கொட்டுகிறது, மழை வந்தால் தகரக் கூரைக்குக் கீழே மூன்று வாளிகளை வைத்துவிட்டு பேரப்பிள்ளைகளோடு விடிய விடிய விழித்திருக்கிறார். 1976-இல் அமெரிக்காவில் ஃபுல்லர் தம்பதியர் தொடங்கிய ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி என்ற கிறிஸ்துவ அமைப்பு லாபம் வைக்காமல் வீடு கட்டித் தரும், எந்த மதமானாலும் சரி, ஆனால் குடும்பமும் கூட நின்று உழைக்க வேண்டும். உழைக்க நாங்கள் ஆறு பேர் தயார். பினாங்கில் இப்படி உதவும் தேவாலயமோ அமைப்போ யாருக்காவது தெரியுமா? மாதம் நூறு வெள்ளி (ரிங்கிட்) வரை கட்ட முடியும். அப்புறம், நிலப்பட்டா இன்னும் இறந்துபோன மாமா பெயரில்தான் இருக்கிறது, அதை முதலில் மாற்ற வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.