மூன்றாம் பிறை: கேத்தி ரயில் நிலையத்துக்கு எப்படிச் செல்வது?

சாரல்:
வணக்கம். பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ 1982-இல் வெளிவந்தபோது திரையரங்கில் அழுததை என் அம்மா இன்றும் சொல்வார். டிசம்பர் விடுமுறையில் அவரை ஊட்டிக்கு அழைத்துச் செல்கிறேன். படத்தின் இறுதிக் காட்சியில் சீனு (கமல்ஹாசன்) தலையில் பானையுடன் ஆடிக்காட்ட, விஜி (ஸ்ரீதேவி) ஏறிய ரயில் நகர்ந்துபோகும் அந்தக் கேத்தி நிலையத்தில் அவரைச் சிறிது நேரமாவது உட்காரவைக்க ஆசை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் வந்து அங்கேயே இறங்கிவிடலாமா? அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் அதிகம் நடக்க இயலாது.

மலைரயில்:
அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர்தான் என்றாலும், தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்களைப் பற்றி ஏறும் பல்சக்கரப் பாதையில் வண்டி ஊர்ந்துதான் ஏறும் என்பதால், கேத்தி வருவதற்குள் அம்மா களைத்துப்போவார். ஊட்டியில் ஓரிரவு தங்கிவிட்டு, மறுநாள் குன்னூர் வண்டியில் ஏறினால், லவ்டேலுக்கு அடுத்த நிலையம் கேத்தி. திரும்பும் வண்டியின் நேரத்தை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், வண்டிகள் குறைவு. நீராவி எஞ்சின் மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதியில்தான் ஓடுகிறது. கேத்திக்கு வழக்கமாக வருவது டீசல் எஞ்சின் என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நான் சென்றபோது வண்டி நின்றிருந்த நேரம் முழுவதும் ஒரே இரைச்சல்; எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி கிளம்பி, கடைசிப் பெட்டி கண்ணிலிருந்து மறைந்த பிறகு, ஈரமான நடைமேடையில் நானும் கம்பளிக் குல்லாய் அணிந்த ஒரு பெரியவரும் மட்டுமே இருந்தோம். கீழே காய்கறித் தோட்டங்களின் மேல் மேகம் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அந்த வெறுமையில்தான் இறுதிக் காட்சியை முழுமையாக உணர்ந்தேன். ஆகவே உடனே திரும்பிவிடாமல், வண்டி போன பிறகும் அம்மாவுடன் அங்கேயே இருங்கள்.

குன்னூர்வாசி:
வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு–குன்னூர் பகுதியில் மண் சரிந்து ரயில் ரத்தாவது டிசம்பரிலும் நடப்பதுண்டு. எனவே மலை ஏறுவதற்குப் பேருந்தையும் மனத்தில் வைத்திருங்கள். சொந்தக் காரில் வருவதானால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் (இணையவழி அனுமதி) பதிவு கட்டாயம். கேத்தியில் மழை பெய்தால் வருந்த வேண்டாம். இறுதிக் காட்சியை மழையில் எடுக்க முதலில் திட்டமே இல்லை. அப்போதைய வானிலையைப் பார்த்துத்தான் பாலு மகேந்திரா மழையிலேயே எடுத்தார்.

சாரல்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஊட்டியில் இரண்டு இரவுகள் தங்கும்படி திட்டத்தை மாற்றிவிட்டேன். முதல் நாள் மழை வலுத்தால் மறுநாள் கேத்திக்குச் செல்வோம். அம்மா உட்காருவதற்கு ஒரு மடக்கு நாற்காலியும் எடுத்துவருகிறேன்.