நண்டு குஞ்சு பொரித்தால் தாய் செத்துவிடுமா?

ஈஷூன் மல்லிகா
ஞாயிற்றுக்கிழமை வின்சர் இயற்கைப் பூங்காவுக்குப் போயிருந்தோம். ஓடையோரம் இலைக்குவியலில் ஒரு பழுப்பு நண்டு காலை ஊன்றி உடம்பைத் தூக்கி நின்றது. வயிற்று மடலின் ஓரத்தில் குட்டிக் குட்டிக் கால்கள் அசைந்ததை என் மகள்தான் முதலில் பார்த்தாள். முட்டை இல்லை, முழு நண்டுக்குஞ்சுகள்! வீட்டுக்கு வந்து சொன்னால் என் மாமியார், "நண்டுக்குஞ்சு தாய் வயிற்றைக் கிழித்துக்கொண்டுதான் வரும், தாய் பிழைக்காது" என்கிறார். பிள்ளை ராத்திரி முழுக்க அழுகை. உண்மையா இது? கடலே இல்லாத இடத்தில் நண்டு எப்படிக் குஞ்சு பொரிக்கிறது?

தேக்கா மீன்கடை
கடல் நண்டு பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சில்லி நண்டுக்கு வாங்குவீர்களே, அந்தச் சேற்று நண்டு சதுப்புநிலக் காட்டில் வளர்ந்தாலும், முட்டை பொரிக்கப் பெண் நண்டு கடலுக்குப் போய்விடும். ஒரு தடவைக்கு பத்து லட்சம் முட்டைக்கு மேல் இருக்கும். பொரிந்து வருவது நண்டு மாதிரியே இருக்காது, நீரில் மிதக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பூச்சி மாதிரி இருக்கும். பல தடவை தோல் உரித்த பிறகுதான் நண்டு உருவம் வரும். அதனால் வயிற்றில் குஞ்சோடு நான் எந்த நண்டையும் பார்த்ததில்லை.

புக்கிட் பாத்தோக் செல்வம்
மல்லிகா, முதலில் மகளிடம் சொல்லிவிடுங்கள்: தாய் சாகாது. அந்தக் குஞ்சுகளை விட்டுவிட்டு மறுபடியும் முட்டையிடும்.

உங்கள் மாமியார் சொல்வதை என் பாட்டியும் சொல்வார். மடலைத் திறந்ததும் உள்ளேயிருந்து குஞ்சுகள் கொத்தாக வந்தால், வயிறு வெடித்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் குஞ்சுகள் வயிற்றுக்குள் இல்லை, வெளியேதான் இருக்கின்றன. பெண் நண்டின் அடியில் மடிந்திருக்கும் அந்த அகலமான மடல்தான் தொட்டில். ஆணுக்கு அது ஒடுக்கமாக முக்கோணமாக இருக்கும். மடலுக்குள்ளே சிறு கால்கள் இருக்கின்றன. அவற்றின் மயிரில் முட்டைகள் ஒட்டிக்கொள்ளும். தாய் மடலை அசைத்து அசைத்து முட்டைகளுக்கு நல்ல நீர் படும்படி பார்த்துக்கொள்கிறது.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இங்கே பரவலாகக் காணப்படும் தாழ்நில நன்னீர் நண்டு. மீன்கடை அண்ணன் சொன்ன கடல் நண்டு மாதிரி லட்சக்கணக்கில் இடாது. நன்னீர் நண்டுகள் இடுவது சில நூறு முட்டை, சில இனங்களில் இன்னும் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் பெரிது, மஞ்சள் கரு நிறைய. கடலில் மிதந்து வளர வேண்டிய பருவங்களை எல்லாம் குஞ்சு முட்டைக்குள்ளேயே முடித்துக்கொள்கிறது. வெளியே வரும்போதே கொடுக்கு, எட்டுக் கால், கண் எல்லாம் இருக்கும். அப்புறமும் உடனே போய்விடாது. ஓடு சற்று கெட்டிப்படும்வரை மடலுக்குள்ளேயே ஒண்டியிருக்கும். உங்கள் மகள் பார்த்தது அந்த நேரம். அவளுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

இந்த வளர்ப்பு முறைக்கு ஒரு விலையும் இருக்கிறது. மிதக்கும் குஞ்சு இல்லாததால் நீரோட்டத்தோடு தொலைதூரம் போய்ப் புது இடம் பிடிக்க முடியாது. பிறந்த ஓடையைச் சுற்றியேதான் வாழ்க்கை. அதனால்தான் ஒரு சிறு மலைக்கென்றே ஓர் இனம் உருவாகிவிடுகிறது. 1986இல் பேராசிரியர் பீட்டர் இங் பெயர் சூட்டிய ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ் என்ற நன்னீர் நண்டு உலகத்திலேயே நம் தீவில் மட்டும்தான் உண்டு. ஓடு 3 சென்டிமீட்டர் அளவுதான். புக்கிட் தீமா ஓடையிலிருந்துதான் அதை முதலில் அறிந்தார்கள். பிறகு அங்கே மறைந்துபோனது. நீர் அமிலத்தன்மை கூடியது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். 2008இல் மிக அருகிவிட்ட இனமாக உலகப் பட்டியலில் சேர்த்தார்கள். 2014 முதல் தேசியப் பூங்காக் கழகம், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம், மண்டாய் விலங்குத் தோட்டத்தார் எல்லாரும் சேர்ந்து அதைக் காக்கப் பாடுபடுகிறார்கள். ஓர் ஓடை வற்றினால் அந்த நண்டுக்குப் போக வேறு இடம் இல்லை. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் பதறுகிறது.

ஈஷூன் மல்லிகா
மிக்க நன்றி அண்ணா, படித்துக் காட்டிவிட்டேன். இப்போது ஒரு நண்டைத் தொட்டியில் வளர்க்கலாமா என்று கேட்கிறாள்!

புக்கிட் பாத்தோக் செல்வம்
ஓடையிலிருந்து எடுக்க வேண்டாம் அம்மா. இயற்கைப் பூங்காவில் அது குற்றம். கடையில் வாங்கியதைக் கொண்டுபோய் ஓடையில் விடுவதும் கூடாது. நோயும் வரும், இங்குள்ள நண்டுகளின் இடமும் போகும். நண்டுகள் இரவில்தான் அதிகம் வெளியே வரும். அதனால் பள்ளி விடுமுறையில், மழை விட்ட நாளில் பொழுது சாயும் நேரம் பாதையிலிருந்தே பாருங்கள். கல்லைப் புரட்டாதீர்கள், அடியில் முட்டையோடு ஒன்று இருக்கலாம். உரித்துப் போட்ட ஓடு கண்ணில் பட்டால் கண் இருந்த இடம், கால் நுனி உட்பட முழு நண்டும் அப்படியே இருக்கும். அவளுக்கு அதைக் காட்டுங்கள்.