அணைக்கரையில் அணைந்த கோம்பி: உங்கள் கார்புரேட்டர் அனுபவங்கள்

கும்பகோணத்திலிருந்து:

நாலு மாசமாக உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன். வண்டி பழைய ஃபோக்ஸ்வேகன் கோம்பி வேன், காற்றில் குளிரும் 1600 என்ஜின். பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மாட்டியது. குடும்பத்தோடு கங்கைகொண்டசோழபுரம் போகிற வழியில் அணைக்கரைப் பாலத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள், எதிர்ப்பக்க வண்டிகள் வர. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், அணைந்துவிட்டது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை, ஐடிலிங் மட்டும், அதாவது மிதிக்காமல் மெதுவாக ஓடுவது மட்டும், நிற்கவில்லை. கிளம்பும்போதே இந்தத் தொல்லை. வழியில் நிறுத்தி நிறுத்தி இரண்டு பக்கத்து ஐடில் திருகையும் இஷ்டத்துக்கு முறுக்கி ஏற்றியிருந்தேன்.

ரோட்டோரம் மொபெட் ரிப்பேர் பார்க்கிற பெரியவர் ஒருத்தர் வந்தார். "ரெண்டு கார்பரேட்டரா!" என்று சிரித்தார். ஏர் ஃபில்டர்களைக் கழற்றிவிட்டு, என்னை லேசாக மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லி, வலப்பக்கத்து வாயை உள்ளங்கையால் மூடினார். என்ஜின் திணறி அணையப் பார்த்தது. இடப்பக்கத்தை மூடினார். ஒன்றுமே ஆகவில்லை, அதே சத்தம்.

"தம்பி, இந்தப் பக்கம் செத்துக் கெடக்கு. நொண்டிக்கிட்டே வந்திருக்கீங்க."

ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஐடில் ஜெட்டைக் கழற்றி வானத்தைப் பார்த்துக் கண்ணருகே பிடித்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். இருட்டு. கடைக்குள் போய் ஒரு பழைய பல் பிரஷ்ஷிலிருந்து ஒரே ஒரு நாரைப் பிடுங்கிவந்து உள்ளே விட்டார், பெட்ரோலில் அலசி ஊதினார். மறுபடி கண்ணருகே பிடித்தால், ஊசி முனையளவு வெளிச்சம். மாட்டியதும் இடப்பக்கமும் பிடித்துக்கொண்டது. என்ஜின் பேயாக அலறியது, என் திருகு வேலையால்தான்.

"இதை எவன் இப்படி முறுக்கினது?" என்றார்.

"முன்னாடி பார்த்த மெக்கானிக்" என்றேன். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் அந்த மெக்கானிக்கை ஒரு ஐந்து நிமிஷம் திட்டினார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

மன்னார்குடியிலிருந்து:

ஜெட் அடைப்பு, சரி. அந்த அழுக்கு எங்கிருந்து வந்தது? டாங்குக்குள் துரு இருந்தால் அடுத்த மாசம் இன்னொரு பல் பிரஷ் வேண்டும். ஃபில்டர் மாற்றினீர்களா, அதை எழுதவில்லையே.

என் கதை சின்னது. என்ஜின் சூடேறியதும் இழுக்காது. கார்புரேட்டர் என்று நினைத்து இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் ஃபேன் கூட்டைத் திறந்தால், என்ஜின் ஆயிலை ஆற்றும் ஆயில் கூலர் இடுக்கெல்லாம் வைக்கோல் தூசும் பதரும் மெத்தை மாதிரி. அறுவடை சமயம், ரோட்டில் காயப்போட்ட நெல்லை ஒட்டியே தினமும் ஓட்டியிருக்கிறேன். காற்றில் குளிரும் என்ஜினுக்குக் காற்றே போகாவிட்டால் எந்தத் திருகு என்ன செய்யும்? அதிலும் பழைய என்ஜின்களில் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே நிற்பதால் 3-ஆம் சிலிண்டருக்கு வெந்த காற்றுதான். 1971 மாடலில்தான் கூலரைத் தள்ளி வைத்தார்கள்.

அதனால் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: கார்புரேட்டரைக் கடைசியாகத் தொடுங்கள். ராத்திரி முழுக்க ஆறிய என்ஜினில் வால்வ் இடைவெளி 0.15 மி.மீ. அப்புறம் பற்றவைக்கும் பொறிக்கான பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ., அப்புறம் அந்தப் பொறி விழுகிற நேரம், டைமிங். இதெல்லாம் சரியான பிறகு என்ஜினை நன்றாகச் சூடாக்கி, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் போகிற லிங்க் கம்பியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு காற்று இழுக்கிறது என்று மீட்டர் வைத்துச் சமப்படுத்துங்கள். கம்பியோடு சமப்படுத்தினால் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆறிய என்ஜினில் செய்தாலும் வீண், சூட்டில் என்ஜின் அகலும், கம்பியின் கணக்கு மாறும். ஐடிலிங்கில் பெட்ரோல் கலவையை அளக்கும் மிக்சர் திருகை மெதுவாக உட்காரும்வரை மூடி (இறுக்காதீர்கள், முனை கெட்டுவிடும்) இரண்டு சுற்று திறந்து ஆரம்பியுங்கள். உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதெல்லாம் அவசரத்துக்குத்தான்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

உள்ளங்கையை மட்டம் தட்ட வேண்டாம் சார். அப்பாவிடம் மண்ணெண்ணெய் என்ஜின் இருந்தது, வாய்க்காலிலிருந்து நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்க. அதுவும் காற்றில் குளிர்கிற ஜாதிதான். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார். சீக்கிரம் திருப்பினால் வெள்ளைப் புகை கக்கி நின்றுவிடும். எப்போது திருப்புவது என்று மீட்டர் சொல்லாது. அவர் சிலிண்டர் மேல் எச்சில் தொட்டு வைப்பார், சுர்ரென்றால் திருப்புவார். ஒருமுறை நான் வைத்துப் பார்த்தேன். விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து:

யாரும் பெட்ரோலைப் பற்றிப் பேசவில்லை. இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். பழைய ஜெட் அளவுக்கு கலவையில் காற்று மிஞ்சி மெலிந்துதான் போகும், என்ஜின் கூடுதலாகச் சுடும். பழைய ரப்பர் குழாயும் டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வும் ஊறி இளகும். அதோடு எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், எங்கள் கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். மழைக்காலம் முழுக்க என் வண்டியை ஷெட்டில் போட்டுவிட்டுத் தை மாசம் கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் மிதவைத் தொட்டியைத் திறந்தேன்: அடியில் தண்ணீர் தனியாக, கோலி குண்டு மாதிரி உருண்டது. நிறுத்திவைப்பதானால் தொட்டியை வடித்துவிடுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

மன்னார்குடிக்காரருக்கு: டாங்கை இறக்கிக் கழுவியாச்சு, ஃபில்டரும் புதுசு. வால்வ் பார்த்தேன், நான்கு இறுக்கமாக இருந்தன. நீங்கள் சொன்னது சரிதான், ஒப்புக்கொள்கிறேன்.

போன வாரம் மறுபடி அணைக்கரை வழியாகப் போனேன். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பெரியவர் கடைக்கு முன்னால் நிறுத்தினேன். ஐடிலிங் குடுகுடுவென்று நிற்பதைக் காது கொடுத்துக் கேட்டார்.

"அந்த மெக்கானிக்கிட்ட அப்புறம் போகலியே?"

"இல்லங்க" என்றேன்.